பனிக்கால விடுமுறையில் கோஸ்டா ரிக்கா: குடும்பத்தோடு செல்வோர் அறிய வேண்டியவை

கனடாவிலும் அமெரிக்காவின் வடபகுதியிலும் வாழும் நம் குடும்பங்களில் நவம்பர் பிறந்ததுமே ஒரு பேச்சு எழும். "பிள்ளைகளுக்கு லீவு வருகிறது, இந்தப் பனிக்குள்ளேயே அடைந்து கிடக்க வேண்டுமா? ஒரு வாரம் வெயில் அடிக்கிற ஊருக்குப் போய் வரலாமே" என்பார்கள். ஊரிலிருந்து வாப்பாவும் உம்மாவும் வந்திருந்தால் இந்த ஆசை இன்னும் கூடும். கம்பளிக்குள் சுருண்டு, ஜன்னல் வழியே பனி விழுவதைப் பார்த்துக்கொண்டிருக்கும் பெற்றோரை நாலு நாள் கடற்காற்றில் உட்கார வைக்க எந்தப் பிள்ளைக்குத்தான் மனம் வராது?

அப்படித் தேடுவோர் கண்ணில் முதலில் படும் நாடுகளில் ஒன்று, மத்திய அமெரிக்காவின் கோஸ்டா ரிக்கா. வடக்கே நிகராகுவா, தெற்கே பனாமா, ஒரு பக்கம் பசிபிக் கடல், மறுபக்கம் கரீபியன் கடல். பரப்பளவு சுமார் 51,100 சதுர கிலோமீட்டர். தமிழ்நாட்டில் பாதிகூட இல்லை. இலங்கையை விடவும் சிறியது. 1948-ல் தன் இராணுவத்தையே கலைத்துவிட்டு, 1949-ன் அரசியல் சட்டத்தில் அதை உறுதி செய்துகொண்ட நாடு.

சின்ன நாடுதானே, ஒரு வாரத்தில் முழுவதும் சுற்றிவிடலாம் என்று நினைத்துத்தான் பலர் கணக்குத் தவறுகிறார்கள். ஓராண்டு சேமிப்பை ஒரே வாரத்தில் செலவழிக்கப் போகிறோம். எந்த வாரம், மலைக்கு எந்தப் பக்கம், எத்தனை இடம் என்ற மூன்றையும் முதலில் தீர்மானித்துவிட்டால் மற்றவை எளிதாகிவிடும். ஆனால் அதற்கும் முன்பாகப் பார்க்க வேண்டியது ஒன்று உண்டு.

முதலில் திரும்பி வரும் வழி

டிக்கெட் எடுக்கும் முன், குடும்பத்தில் ஒவ்வொருவரின் பாஸ்போர்ட்டையும் மேசையில் வைத்து, போகும் விசாவோடு திரும்பி வரும் விசாவையும் பாருங்கள்.

கனடா அல்லது அமெரிக்கக் குடியுரிமை பெற்றவர்கள் சுற்றுலாவுக்குக் கோஸ்டா ரிக்கா செல்ல முன்கூட்டியே விசா எடுக்கத் தேவையில்லை. இந்திய பாஸ்போர்ட் வைத்திருப்போருக்கு விசா தேவை. எனினும் அமெரிக்கா, கனடா உள்ளிட்ட சில நாடுகளின் பலமுறை நுழைவு விசாவோ நிரந்தர வசிப்புரிமையோ உள்ளவர்களுக்கு விலக்குகள் உண்டு. எந்த வகை விசாவுக்கு விலக்கு, இன்னும் எத்தனை நாள் செல்லுபடியாக வேண்டும் என்பனவெல்லாம் மாறக்கூடியவை. கோஸ்டா ரிக்கா தூதரகத்திடம் எழுதிக் கேட்டு, வரும் பதிலை அச்செடுத்து வைத்துக்கொள்வதே பாதுகாப்பு. நாட்டை விட்டு வெளியேறுவதற்கான டிக்கெட்டையும் விமான நிலையத்தில் கேட்பார்கள்.

இதைவிடப் பெரிய சிக்கல் திரும்பும்போது வரும். ஊரிலிருந்து வந்த பெற்றோருக்குக் கனடா ஒருமுறை நுழைவு விசா மட்டுமே கொடுத்திருந்தால், கோஸ்டா ரிக்கா போனவர்கள் அதே விசாவில் மறுபடியும் கனடாவுக்குள் வர முடியாது. அமெரிக்காவில் வேலை விசாவில் இருப்பவர்களுக்கும் ஒரு கண்ணி உண்டு. தங்கும் அனுமதி நடப்பில் இருந்தாலும் பாஸ்போர்ட்டில் ஒட்டிய விசா காலாவதியாகி இருக்கலாம். கனடா, மெக்சிகோ ஆகிய நாடுகளுக்குக் குறுகிய காலம் சென்று வருவோருக்கு உள்ள சலுகை கோஸ்டா ரிக்காவுக்குச் செல்லாது. புது விசா எடுக்காமல் திரும்ப முடியாது.

கனடாவிலிருந்து அமெரிக்கா வழியாக விமானம் மாறுவோர் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். அங்கே விமான நிலையத்தை விட்டு வெளியே வராவிட்டாலும் இந்திய பாஸ்போர்ட்டுக்கு அமெரிக்க விசா வேண்டும். டிக்கெட் சற்று விலை கூடினாலும் பெற்றோருக்கு நேரடி விமானமே நல்லது. அவர்களுக்கு எடுத்த மருத்துவக் காப்பீடு வேறொரு நாட்டுக்குச் செல்லும் நாட்களிலும் பொருந்துமா என்பதையும் நிறுவனத்திடம் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

பக்கத்தில்தானே என்று பனாமாவையும் சேர்த்துக்கொள்ள நினைப்பவர்கள், அங்கிருந்து பின்னர் இந்தியா செல்வதாக இருந்தால், மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்றிதழ் பற்றி விசாரிக்க வேண்டும். இந்தியா அந்தச் சான்றிதழ் கேட்கும் நாடுகளின் பட்டியலில் பனாமா இருந்து வருகிறது.

அவர்களுடைய கோடை, நமக்குப் பழகிய வெயில்

கோஸ்டா ரிக்காவின் தலைநகர் சான் ஹோசேயும் நம் மதுரையும் கிட்டத்தட்ட ஒரே அட்சரேகையில் இருக்கின்றன. இரண்டும் பூமத்திய ரேகைக்கு வடக்கே பத்து பாகைக்குச் சற்றுக் குறைவு. ஆனால் சான் ஹோசே கடல் மட்டத்திலிருந்து 1,100 மீட்டருக்கும் மேலே இருப்பதால் அங்கே மதுரையின் வெக்கை கிடையாது. இரவில் மெல்லிய போர்வை வேண்டியிருக்கும். கடற்கரைக்கு இறங்கினால்தான் நம் ஊர் வெயில்.

அந்த மக்கள் டிசம்பர் முதல் ஏப்ரல் வரையான மழையில்லாக் காலத்தைக் கோடை என்றும், மே முதல் நவம்பர் வரையான மழைக் காலத்தைக் குளிர்காலம் என்றும் சொல்கிறார்கள். ஆகவே வட அமெரிக்காவின் பனிக்காலம் அவர்களுக்குக் கோடை. இந்தக் கணக்கு பசிபிக் கரைக்கு மட்டுமே முழுதாகப் பொருந்தும் என்பதை மறந்துவிடக் கூடாது.

காரணம் எளிது. நாட்டின் நடுவே வடமேற்கிலிருந்து தென்கிழக்காக மலைத்தொடர் ஓடுகிறது. அதன் உச்சி 3,800 மீட்டரையும் தாண்டும். டிசம்பர், ஜனவரியில் வடகிழக்கிலிருந்து வீசும் காற்று கரீபியன் கடலின் ஈரத்தைச் சுமந்து வந்து மலையில் மோதி, அந்தப் பக்கமே மழையாகக் கொட்டிவிடுகிறது. மலையைத் தாண்டிப் பசிபிக் பக்கம் இறங்கும்போது காற்று வறண்டுவிடும். தென்மேற்குப் பருவத்தில் கேரளம் நனைந்துகொண்டிருக்க, மேற்குத் தொடர்ச்சி மலைக்கு இந்தப் பக்கம் தேனியும் திருநெல்வேலியும் காய்வதைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதே இல்லை.

எனவே டிசம்பர் விடுமுறைக்குக் கடற்கரை தேடுவோர் பசிபிக் பக்கத்தைத் தேர்ந்தெடுப்பதே நல்லது. வடமேற்கிலுள்ள குவானகாஸ்தே மாகாணம்தான் நாட்டிலேயே வறண்ட பகுதி. மாதக்கணக்கில் மழையே இராது. ஆனால் டிசம்பர் முதல் பிப்ரவரி வரை அங்கே காற்று பலமாக வீசும். நடுப் பசிபிக் கரையிலுள்ள மானுவேல் அன்டோனியோ பகுதி இன்னும் பசுமையானது. கரீபியன் கரையிலுள்ள லிமோன், டோர்டுகேரோ பகுதிகளை டிசம்பரில் மழைக்குத் தயாராக இருப்பவர்கள் மட்டும் நாடலாம். ஆமைகள் முட்டையிடுவதைக் காண டோர்டுகேரோ செல்ல விரும்புவோருக்கு ஜூலை முதல் அக்டோபர் வரையே காலம்.

வாரத்தைத் தேர்ந்தெடுப்பதிலும் பணம் மிச்சமாகும். கிறிஸ்துமஸ் முதல் புத்தாண்டு வரை விலையும் கூட்டமும் உச்சத்தில் இருக்கும். உள்ளூர்ப் பள்ளிகளுக்கும் அதுவே பெரிய விடுமுறை. பள்ளிப் பிள்ளைகள் இல்லாத குடும்பமானால் டிசம்பர் முதல் பாதியில் செல்லலாம். மழை விட்டுக்கொண்டிருக்கும், காடு பசுமையாக இருக்கும், அறை வாடகையும் குறைவு. பிள்ளைகள் உள்ளவர்கள் பிப்ரவரி அல்லது மார்ச் விடுமுறையைப் பயன்படுத்திக்கொள்ளலாம். பசிபிக் பக்கம் அப்போதும் வெயில்தான். ஈஸ்டருக்கு முந்திய வாரத்தை மட்டும் தவிர்த்துவிடுங்கள். அந்த வாரத்தில் ஊர் முழுக்கக் கடற்கரையில்தான் இருக்கும்.

எத்தனை இடம்?

நம் அனுபவத்தில், குடும்பத்தோடு செல்லும் எட்டு நாள் பயணத்துக்கு இரண்டு இடங்களே போதும்: ஒன்று மலை, ஒன்று கடல்.

வரைபடத்தில் விரல் அளவு தூரமாகத் தெரியும் சாலை, மலையைச் சுற்றிச் சுற்றி ஏறும். சான் ஹோசேயிலிருந்து அரேனல் எரிமலை அடிவாரத்திலுள்ள லா ஃபோர்ட்டுனா ஊருக்குச் சுமார் மூன்று மணி நேரம். மானுவேல் அன்டோனியோவுக்கும் ஏறக்குறைய அவ்வளவே. லா ஃபோர்ட்டுனாவிலிருந்து மானுவேல் அன்டோனியோ போக ஐந்து மணி நேரம்வரை ஆகலாம். மூட்டுவலியுள்ள உம்மாவையும் வாந்தியெடுக்கும் சின்னவனையும் ஏற்றிக்கொண்டு நாலு நாளில் மூன்று முறை பெட்டி கட்டினால், மிஞ்சுவது களைப்பு மட்டுமே.

நாட்டில் இரண்டு பெரிய விமான நிலையங்கள் உண்டு. ஒன்று சான் ஹோசேயை அடுத்த அலஹுவேலாவில், மற்றது குவானகாஸ்தேயின் லிபேரியா நகரில். குவானகாஸ்தே கடற்கரைதான் முக்கியம் என்றால் நேராக லிபேரியாவிலேயே இறங்குங்கள். சான் ஹோசேயில் இறங்கினால் அங்கிருந்து மறுபடியும் நாலைந்து மணி நேரச் சாலைப் பயணம் காத்திருக்கும்.

சான் ஹோசே வழியாகச் செல்வோர் இப்படித் திட்டமிடலாம். முதல் இரவு விமான நிலையத்துக்கு அருகிலேயே தங்கி ஓய்வு. மறுநாள் காலை லா ஃபோர்ட்டுனா. அங்கே மூன்று இரவு. பிறகு மானுவேல் அன்டோனியோ. அங்கே மூன்று இரவு. கடைசி இரவு மறுபடியும் விமான நிலையம் அருகே.

அரேனல் எரிமலை 1968 ஜூலையில் வெடித்து, அதன்பின் 2010 வரை கனன்றுகொண்டிருந்தது. இப்போது அடங்கியிருக்கிறது. அதன் சூட்டில் ஊறிவரும் வெந்நீர் ஊற்றுகளில் குளிப்பது முதியவர்களுக்கு மிகவும் பிடிக்கும். இரத்த அழுத்தம், இதய நோய் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டுக்கொண்டு இறங்கட்டும். லா ஃபோர்ட்டுனா மலையின் கரீபியன் பக்கச் சரிவில் இருப்பதால், டிசம்பர் ஜனவரியிலும் அங்கே மழை வரும், எரிமலையை மேகம் மூடிக்கொள்ளும். குடையோடு போனால் ஏமாற்றம் இருக்காது.

மானுவேல் அன்டோனியோ தேசியப் பூங்கா செவ்வாய்க்கிழமை மூடியிருக்கும். நுழைவுச்சீட்டை இணையத்தில் முன்பதிவு செய்தே எடுக்க வேண்டும். காட்டுக்குள் நடக்கும்போதே குரங்குகளும், மரத்தில் தலைகீழாய்த் தொங்கும் அசமந்தமான ஸ்லாத் விலங்கும் கண்ணில் படும். வனவிலங்குகளுக்குத் தீனி போடுவது அந்நாட்டில் சட்டப்படி குற்றம் என்பதைப் பிள்ளைகளிடம் முன்பே சொல்லிவைக்க வேண்டும். 1980-களில் பெருமளவு அழிந்துபோன காட்டை, மரத்தைக் காப்பவருக்கு அரசே பணம் கொடுக்கும் திட்டம் முதலியவற்றால் மீட்டெடுத்து, இன்று நிலப்பரப்பில் பாதிக்கும் மேல் காடாக வைத்திருக்கிறார்கள். அந்த உழைப்பை மதிப்பது விருந்தாளிக்கு அழகு.

வாகனமும் சாலையும்

வாடகைக் கார் எடுப்போர் அதிர்ச்சி அடைவது ஒரே விஷயத்தில்தான். இணையத்தில் காணும் மலிவான தொகையில் கட்டாயக் காப்பீடு பெரும்பாலும் சேர்ந்திருக்காது. பிறருக்கு ஏற்படும் சேதத்துக்கான அந்தக் காப்பீட்டை அங்கே கவுண்டரில் கட்டியே ஆக வேண்டும். கிரெடிட் கார்டு தரும் காப்பீடு அதற்கு ஈடாகாது. எல்லாம் சேர்த்து மொத்தம் எவ்வளவு என்று முன்பே எழுதி வாங்குங்கள். குடும்பம் பெரிதானால், ஓட்டுநரோடு வரும் வேன் செலவையும் ஒப்பிட்டுப் பாருங்கள். சில நேரம் வித்தியாசம் சொற்பம், நிம்மதி பெரிது.

ஆண்டு முழுவதும் அங்கே மாலை ஐந்தரை, ஆறு மணிவாக்கில் இருட்டிவிடும். மலைச் சாலைகளில் வெளிச்சம் இருக்காது, மூடுபனி இறங்கும். பயணத்தை மதியத்துக்குள் முடிப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். நிறுத்திய காரில் பாஸ்போர்ட், பை எதையும் விட்டுச் செல்லாதீர்கள். சுற்றுலா இடங்களில் கார்க் கண்ணாடியை உடைத்துத் திருடுவது நடக்கிறது.

முகவரி கேட்டால் தெருவும் எண்ணும் சொல்ல மாட்டார்கள். "சர்ச்சிலிருந்து தெற்கே இருநூறு மீட்டர்" என்பார்கள். நூறு மீட்டர் என்றால் ஒரு தெருச்சந்தியிலிருந்து அடுத்த சந்தி என்று அர்த்தம். "பள்ளிவாசலுக்குப் பின்னாடி, மூன்றாவது வீடு" என்று வழி சொல்லிப் பழகிய நமக்கு இது புரியாமல் போகாது.

சாப்பாடும் தொழுகையும்

சோறும் பயறும்தான் அந்நாட்டின் அன்றாட உணவு. காலையில் சோற்றையும் கறுப்புப் பயறையும் கலந்து தாளித்த காயோ பின்டோ. மதியம் சோறு, பயறு, வறுத்த வாழைப்பழம், பச்சைக் காய்கறியோடு மீனோ கோழியோ வைத்த கசாடோ. கரீபியன் பக்கம் போனால் சோற்றையும் பயறையும் தேங்காய்ப்பாலில் வேகவைக்கிறார்கள். இரயில் பாதை போட வந்த ஜமைக்கா மக்களின் வழிவந்தவர்கள் வாழும் பகுதி அது. நம் வீட்டுத் தேங்காய்ப்பால் சோறு நினைவுக்கு வரும்.

ஹலால் இறைச்சி சுற்றுலா ஊர்களில் எளிதில் கிடைக்காது. மீன், முட்டை, காய்கறி என்று வைத்துக்கொள்வதே நல்லது. பயறை மசித்து வறுக்கும்போது பன்றிக் கொழுப்பு சேர்ப்பதும் உண்டு என்பதால் "சின் செர்தோ, சின் மாண்டேகா" என்று கேட்டு வாங்குங்கள். பன்றி வேண்டாம், கொழுப்பு வேண்டாம் என்று பொருள். சமையலறையோடு கூடிய வீட்டை வாடகைக்கு எடுத்து, மசாலாப் பொடியைக் கையோடு கொண்டுபோனால் பெற்றோருக்கும் ஆறுதல், செலவும் குறைவு. உணவகப் பில்லில் 13 சதவீத வரியும் 10 சதவீதச் சேவைக் கட்டணமும் சேர்ந்திருக்கும்; தனியாக டிப்ஸ் வைக்கும் கட்டாயமில்லை.

சான் ஹோசேயில் பள்ளிவாசல் உண்டு. கடற்கரை ஊர்களில் அறையிலேயே தொழுதுகொள்ள வேண்டியதுதான். ஊரில் மேற்கு நோக்கித் தொழுது பழகிய பெரியவர்கள் அங்கே கிப்லா வடகிழக்காக, சற்றே கிழக்கு சாய்ந்து இருப்பதைக் கவனிக்க வேண்டும். நெடும்பயண நாளில் பயணிக்கு உள்ள தொழுகைச் சலுகைகளைக் கிளம்பும் முன்பே வீட்டில் பேசித் தெளிவுபடுத்திக்கொண்டால் வழியில் பதற்றம் இருக்காது.

கடலை நம்பாதீர்கள்

கடைசியாகச் சொன்னாலும் முதலில் மனத்தில் நிறுத்த வேண்டியது இது. கோஸ்டா ரிக்காவில் சுற்றுலாப் பயணிகள் உயிரிழக்கும் முக்கியக் காரணங்களில் ஒன்று கடலில் மூழ்குவது. காட்டுப் பாம்புக்கும் எரிமலைக்கும் பயப்படுகிறவர்கள் கடலுக்குப் பயப்படுவதில்லை.

பசிபிக் கரையில் அலை கரையில் மோதித் திரும்பும்போது, ஒரு குறுகிய ஓடை போல நீர் வேகமாகக் கடலுக்குள் இழுத்துச் செல்லும். அந்த இடத்தில் அலை உடையாது. இருபுறமும் வெள்ளை நுரை பொங்க, நடுவில் மட்டும் தண்ணீர் அமைதியாகத் தெரியும். பிள்ளைகளுக்குப் பாதுகாப்பான இடம் என்று நாம் நினைத்து இறக்கிவிடுவதும் அங்கேதான். அப்படிப்பட்ட இடத்தில் காலே வைக்கக் கூடாது. இழுப்பில் சிக்கியவர் கரையை நோக்கி எதிர்த்து நீந்தினால் களைத்துவிடுவார். மிதந்தபடி, கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நகர்ந்து, இழுப்பு விட்டபின்தான் கரைக்குத் திரும்ப வேண்டும். காப்பாற்றக் குதிப்பவரும் சேர்ந்தே போய்விடுவதுண்டு. மிதக்கும் பொருள் எதையாவது வீசிவிட்டு 911-ஐ அழையுங்கள்.

பெரும்பாலான கடற்கரைகளில் உயிர்காப்பாளர் கிடையாது. தங்கும் இடத்தில் உள்ளவரிடம் "இங்கே குழந்தைகள் இறங்கலாமா?" என்று நாள்தோறும் கேளுங்கள், கடல் நாளுக்கு நாள் மாறும். சாமாரா, மானுவேல் அன்டோனியோ பூங்காவுக்குள் உள்ள கடற்கரை போன்றவை ஒப்பளவில் அமைதியானவை. அங்கும் முழங்கால் ஆழத்துக்கு மேல் வேண்டாம். முழு உடையோடு இறங்கும் நம் பெண்கள் நனைந்த துணியின் பாரத்தை மறந்துவிடக் கூடாது. நீந்தத் தெரியாத ஒவ்வொருவருக்கும் அளவான மிதவைச் சட்டையை வீட்டிலிருந்தே எடுத்துச் செல்லுங்கள். பெரியவர்களில் ஒருவர் கைப்பேசியைப் பையில் வைத்துவிட்டுப் பிள்ளைகளையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். அரை மணிக்கு ஒருவர் என்று முறை வைத்துக்கொண்டால் யாருக்கும் சுமையாகாது.

கொசுவால் பரவும் டெங்கு அங்கும் உண்டு. முழுக்கைச் சட்டையும் கொசு விரட்டியும் தேவை. குழாய்த் தண்ணீர் பெரும்பாலான ஊர்களில் குடிக்கத் தக்கது. தொலைதூரக் கடற்கரைகளில் மட்டும் விசாரித்துக்கொள்ளுங்கள்.

டிக்கெட் எடுக்கும் முன் ஒரு மாலை குடும்பமாக உட்கார்ந்து பேசுங்கள். பாஸ்போர்ட்டுகளைப் பாருங்கள். பெற்றோரிடம், "நீங்கள் எவ்வளவு நேரம் காரில் உட்கார முடியும்?" என்று கேளுங்கள். அவர்கள் சொல்லும் நேரத்தை வைத்துப் பயணத்தை அமையுங்கள். பார்க்காமல் விட்ட இடங்கள் அடுத்த முறைக்கு இருக்கட்டும். போனவர்கள் அனைவரும் நலமாக வீடு திரும்ப வேண்டும், இன்ஷா அல்லாஹ்.